மடிக்கணினிக்கு நினைவகம் எவ்வளவு வேண்டும்?

முன்னுரை

ஒரே வேளையில் பல செய்திகளில் கருத்தூன்றி, எதனையும் மறவாது, கேட்டார் கேட்டவாறு விடையிறுக்கும் ஆற்றலை நம் முன்னோர் அவதானம் என்று வழங்கினர். எட்டினைக் கவனிப்பவர் அட்டாவதானி. பதினாறினைக் கவனிப்பவர் சோடசாவதானி. நூற்றினைக் கவனிப்பவர் சதாவதானி. இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டிய செய்தியைத் தமிழுலகம் நன்கறியும்.

அவதானம் செய்வார்க்கு இருவகை நினைவு வேண்டும். ஒன்று, ஆண்டுக்கணக்கில் கற்று உள்ளத்தில் தேக்கிவைத்த இலக்கண இலக்கியப் பயிற்சி. மற்றொன்று, அவையில் அமர்ந்திருக்கும் அந்நேரத்தில் ஒலித்த மணி எத்தனை, முதுகில் விழுந்த கல் எத்தனை, பாதியில் நிற்கும் வெண்பா எது என்பனவற்றை ஒருசேரத் தாங்கி நிற்கும் நினைவு. முன்னது எத்துணைப் பெரிதாயினும், பின்னது சிறிதாயின் அவதானம் நடைபெறாது.

கணினியின் நிலையும் இதுவே. அதற்கும் இருவகை நினைவு உண்டு. இவ்விரண்டினையும் வேறுபடுத்தி அறியாமையால், நம் மாணவர் குடும்பங்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைத் தேவையற்ற இடத்தில் செலவிட்டு, தேவையான இடத்தில் குறைத்துவிடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும், ஆவடிச் சந்தைக் கடைகளிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிடங்குகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவர்கள். அவ்வீட்டிற்கு மடிக்கணினி என்பது நகையை அடகு வைத்தோ, மாதத் தவணை ஏற்றோ வாங்கப்படும் பொருள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பும், அதனை அடுத்து வரும் முதுகலைப் படிப்பும் முடியும்வரை அஃது உழைக்க வேண்டும். எனவே, புதிய மடிக்கணினியில் நினைவகம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்னும் வினாவைக் கணினித் துறையாரின் வினா என்று ஒதுக்காமல், நம் அனைவரின் வினாவாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நினைவகமும் சேமிப்பகமும்

விளம்பரங்களில் ‘8 ஜி.பி., 512 ஜி.பி.’ என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்துக் காணப்படும். இவற்றுள் சிறிய எண்ணே ரேம் என வழங்கும் முதன்மை நினைவகம். பெரிய எண் சேமிப்பகம். கடைகளில் இரண்டையும் ‘மெமரி’ என்றே கூறுவதால் குழப்பம் விளைகிறது.

நூலகத்தை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சுவரோரம் நிற்கும் நூலடுக்குகள் சேமிப்பகம். நாம் அமர்ந்து படிக்கும் மேசை நினைவகம். அடுக்கில் பதினாயிரம் நூல்கள் இருக்கலாம்; ஆயினும் மேசைமீது விரித்து வைத்தவற்றையே படிக்க இயலும். மேசை சிறிதாயின், ஒரு நூலை மடித்து அடுக்கில் வைத்துவிட்டே மற்றொன்றை எடுத்து வர வேண்டும். அடுக்குகளைப் பெருக்குவதால் மேசை அகலாது. சேமிப்பகத்தை 256 ஜிகாபைட்டிலிருந்து 1,024 ஜிகாபைட்டாக உயர்த்தினாலும், நினைவகத்தின் பற்றாக்குறை தீராது என்பது இதனால் பெறப்படும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மாலையில் நூலகம் மூடப்படும்போது மேசை துடைக்கப்படுவதுபோல, மின்சாரம் நின்றவுடன் நினைவகம் வெறுமையாகிவிடும். இன்று வழங்கும் நினைவகச் சில்லுகளின் அடிப்படை அமைப்பை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் டென்னார்டு 1966ஆம் ஆண்டு கண்டறிந்து, 1968இல் காப்புரிமை பெற்றார். அவ்வமைப்பில் ஒவ்வொரு துண்மியும் நுண்ணிய மின்னூட்டமாக நிற்கிறது. அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறை, அஃதாவது நொடிக்கு ஏறத்தாழ 16 முறை, அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். புதுப்பித்தல் நின்றால் செய்தி அழியும். தட்டச்சிட்ட கட்டுரையைச் சேமிக்காதிருக்கையில் கணினி அணைந்துபோனால், எழுதியது மறைவதன் காரணம் இதுவே.

எழுத்துக்கு வேண்டுவது சிறிது

தமிழ் பயில்வோர்க்கு நினைவகம் எவ்வளவு தேவை என்பதனைக் கணக்கிட்டே பார்ப்போம். இன்று நாம் கணினியில் எழுதும் தமிழ் ஒருங்குறி முறையில் அமைந்தது. பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறியீடுகள் உள்ளன. ஆதலின் அச்சொல்லுக்கு 15 பைட்டு வேண்டும். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டே போதும்.

இம்முறையில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 5,027 விருத்தங்கள் உள்ளன. பாடலொன்றுக்கு 250 குறியீடுகள் என்று தாராளமாகவே கொண்டாலும், நூல் முழுவதற்கும் வேண்டுவது 37,70,250 பைட்டு. இது நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. 8 ஜிகாபைட்டு நினைவகம் என்பது 8,192 மெகாபைட்டு ஆகும். ஆகவே சீறாப்புராணத்தைப் போன்ற பெருங்காப்பியங்கள் இரண்டாயிரத்தை அதில் ஒருங்கே வைக்கலாம். அங்ஙனமாயின், தமிழ்த்துறை மாணவர்க்கு 8 ஜிகாபைட்டும் மிகையன்றோ எனும் ஐயம் எழுதல் இயல்பு.

பின்னர் நினைவகம் எங்கே செலவாகிறது?

நாம் வாசிப்பது எழுத்து மட்டுமன்று. எழுத்தின் படமும் ஆகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழம்பதிப்புகளில் பெரும்பாலானவை, அச்சுப் பக்கங்களை வருடி எடுத்த படங்களே. ஏ-4 அளவுள்ள தாளொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால், அகலத்தில் 2,480 புள்ளியும் உயரத்தில் 3,508 புள்ளியும் அமையும். இரண்டையும் பெருக்க, 86,99,840 புள்ளிகள். வண்ணப் படமாயின் புள்ளிக்கு 3 பைட்டு. எனவே ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 260 இலட்சம் பைட்டு, அஃதாவது சுமார் 25 மெகாபைட்டு தேவை.

சேமிப்பகத்தில் இப்பக்கம் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் சிறிதாகத் தோன்றும். திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போதே நினைவகத்தில் முழு இடத்தையும் கேட்கும். சீறாப்புராணம் முழுமையும் எழுத்தாக இருக்கும்போது, இத்தகைய ஒரு பக்கப் படத்தின் ஆறில் ஒரு பங்கைக்கூட அஃது எட்டாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூல் முழுவதையும் கணினி ஒரே நேரத்தில் விரிப்பதில்லை. நாம் காணும் பக்கத்தையும் அதன் அண்டைப் பக்கங்களையுமே விரிக்கும். ஆயினும், தொல்காப்பியத்தின் ஒரு நூற்பாவிற்கு இளம்பூரணர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் பேராசிரியர் உரையையும் தனித்தனிச் சாளரங்களில் திறந்து ஒப்பிடும் ஆய்வு மாணவர், பத்திருபது பக்கப் படங்களைத் தம்மை அறியாமலே விரித்துவிடுகிறார். அதற்கே 500 மெகாபைட்டு சென்றுவிடும்.

இனி மற்றச் செலவுகளைக் காண்போம். விண்டோஸ் 11 இயக்கமுறைமைக்குக் குறைந்த அளவு 4 ஜிகாபைட்டு வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் வகுத்த விதி. கணினியைத் திறந்தவுடன், நாம் எப்பணியும் தொடங்குமுன்னரே, 3 முதல் 4 ஜிகாபைட்டு வரை அதற்கே சென்றுவிடும். இணைய உலாவியில் திறக்கும் பக்கம் ஒவ்வொன்றும் நூறு முதல் சில நூறு மெகாபைட்டு வரை கொள்ளும். பத்துப் பக்கங்கள் திறந்திருந்தால் 2 ஜிகாபைட்டு வரை ஆகலாம். இணையவழிக் கூட்டத்திற்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டு. சொற்செயலிக்கும் வாட்ஸ்அப்பிற்கும் அரை ஜிகாபைட்டு. தனிப் படஅட்டை இல்லாத கணினிகளில் திரைக்காட்சிக்கான பங்கும் இதிலிருந்தே எடுக்கப்படும்.

இவற்றைக் கூட்டினால் 7 ஜிகாபைட்டை நெருங்கிவிடுகிறோம். 4 ஜிகாபைட்டுக் கணினி இன்றைய கல்லூரி மாணவர்க்கு ஏற்றதன்று என்பதும், 8 ஜிகாபைட்டு என்பது ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை என்பதும் இக்கணக்கால் தெளிவாகும்.

இடம் போதாதபோது நிகழ்வது

நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. அப்போதைக்குப் பயன்படாதவற்றை எடுத்துச் சேமிப்பகத்தின் ஒரு பகுதியில் வைத்துவிட்டு, மீண்டும் தேவைப்படும்போது எடுத்து வருகிறது. மேசை நிறைந்தவுடன் நூல்களைத் தரையில் அடுக்குவதுபோன்ற செயல் இது. பணி நடைபெறும், ஆனால் விரைவு குன்றும்.

எவ்வளவு குன்றும் என்பதைச் சேமிப்பகத்தின் வகை தீர்மானிக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது என்று கொண்டால், எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலா வட்டிலிருந்து எடுக்க அதனைப்போல் ஆயிரம் மடங்கு வரை நேரமாகலாம். பழைய சுழலும் வட்டாயின் அவ்வேறுபாடு இலட்சம் மடங்கை எட்டும். ஆதலால், சுழலும் வட்டுடைய பழைய கணினியை வைத்திருப்போர் முதற்கண் அவ்வட்டை மாற்றிச் சுழலா வட்டு பொருத்துதல் நலம். கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமாயின், இம்மாற்றமே முதலிடம் பெறத்தக்கது. நினைவகத்தைக் கூட்டுதல் அதற்கு அடுத்த படி.

ஈண்டு மற்றொன்றும் தெளிதல் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட நினைவகம் கணினியைத் தொடர்ந்து விரைவுபடுத்திக்கொண்டே செல்லாது. ஒருவர் மட்டும் அமர்ந்து இரண்டு நூல்களைப் படிப்பதற்கு இருபது முழ மேசை போட்டாலும் படிப்பின் வேகம் கூடாதன்றோ? 6 ஜிகாபைட்டில் முடியும் பணிக்கு 16 இருந்தாலும் 32 இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. குறைவு துன்பம் தரும். மிகுதி அதற்கேற்ற இன்பம் தாராது.

அரசு வழங்கிய கணினிகள் காட்டும் பாதை

காலந்தோறும் இத்தேவை வளர்ந்து வந்ததை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க விழா நம் பகுதியை அடுத்த திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் நடைபெற்றது. முதற்கட்டத்தில் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்து வழங்கப்பெற்ற கணினிகளில் நினைவகம் 2 ஜிகாபைட்டு. சேமிப்பகமோ 320 ஜிகாபைட்டுச் சுழலும் வட்டு. அன்று அது போதுமானதாகவே இருந்தது.

பின்னர்க் கல்லூரி மாணவர்க்கு 20 இலட்சம் கணினிகள் வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்றது. அதற்கென எல்காட் கோரிய கணினியில் நினைவகம் 8 ஜிகாபைட்டு, சேமிப்பகம் 256 ஜிகாபைட்டுச் சுழலா வட்டு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நினைவகம் நான்கு மடங்காயிற்று. சேமிப்பகத்தின் எண்ணோ குறைந்தது. எண்ணில் குறைந்த சேமிப்பகம் விரைவில் பன்மடங்கு உயர்ந்தது என்பதும் கருதத்தக்கது. பெரிய எண்ணைக் கண்டு மயங்காது, எந்த எண் எதனைக் குறிக்கிறது என்று வினவும் பழக்கத்தை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பெருந்தொகையில் வாங்கும் ஓர் அரசு, பொதுவான மாணவர்க்கு இது போதும் என்று வரையறுத்த அளவை நாமும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்குதல் கூடாது. அதற்கு மேலே செல்வதற்குத் தக்க காரணம் வேண்டும்.

துறைக்கேற்ற அளவு

அக்காரணம் படிப்பைப் பொறுத்தது. தமிழ், அரபி, ஆங்கிலம், வரலாறு ஆகியன பயில்வோர்க்கும், கணக்குப் பதிவு மென்பொருள்களைக் கையாளும் வணிகவியல் மாணவர்க்கும் 8 ஜிகாபைட்டு போதும். திறந்து வைத்த பக்கங்களை அவ்வப்போது மூடும் ஒழுங்கு மட்டும் இருத்தல் வேண்டும். பல பதிப்புகளை ஒப்பிடும் முனைவர்பட்ட ஆய்வாளரும், பழம்நூல்களை வருடி மின்னாக்கம் செய்வோரும் 16 ஜிகாபைட்டு பெறுதல் நன்று.

கணினி அறிவியல், கணினிப் பயன்பாட்டியல் மாணவர் கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்ற மென்பொருள்களைக் கையாள்வர். கணினிக்குள்ளேயே ஒரு கைப்பேசியைப் போலியாக இயக்கிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. அதனையும் சேர்த்து இயக்குவோர் 16 ஜிகாபைட்டே வாங்குதல் வேண்டும். காட்சித் தொடர்பியல் மாணவர் நிலையும் இதுவே. பிரீமியர் என்னும் படத்தொகுப்பு மென்பொருளுக்கு 8 ஜிகாபைட்டு குறைந்த அளவு என்றும், உயர்தெளிவுப் படங்களுக்கு 16 என்றும், 4-கே படங்களுக்கு 32 என்றும் அதனை வெளியிடும் அடோபி நிறுவனமே பரிந்துரைக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று விளம்பரப்படுத்தப்படுவனவற்றைக் குறித்தும் மாணவர் வினவுகின்றனர். ‘கோபைலட் பிளஸ்’ என்னும் பெயர் தாங்கும் கணினிக்கு 16 ஜிகாபைட்டு குறைந்த அளவு என்று மைக்ரோசாப்ட் 2024ஆம் ஆண்டு அறிவித்தது. கணினிக்குள்ளேயே அந்நுண்ணறிவை இயக்குவதற்காக இவ்வளவு வேண்டப்படுகிறது. இணையத்தின் வழியே வினா எழுப்பி விடை பெறும் மாணவர்க்கு அப்பணியைச் செய்வது தொலைவிலுள்ள வேறு கணினி. ஆதலின் அதற்கென நம் கணினியில் நினைவகத்தைப் பெருக்க வேண்டுவதில்லை.

கூட்ட இயலுமா என்னும் வினா

இக்கட்டுரையின் உயிர்நிலை இப்பகுதியே எனலாம். ‘எவ்வளவு’ என்று கேட்பதற்கு முன், ‘பின்னர்க் கூட்ட இயலுமா?’ என்று கேட்டல் வேண்டும்.

முன்னாளில் மடிக்கணினியின் அடிப்பகுதியைத் திறந்து, ரேம் அட்டையை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுதல் எளிதாக இருந்தது. மெல்லிய கணினிகள் பெருகிய பின்னர், நினைவகச் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைக்கும் முறை பரவிற்று. கடைகளில் இதனை ‘ஆன்போர்டு ரேம்’ என்பர். ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் கணினிகளும், பிற நிறுவனங்களின் மெல்லிய கணினிகள் பலவும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றில் வாங்கிய அன்று உள்ள அளவே இறுதி அளவு. கருவியின் பிற உறுப்புகள் நல்ல நிலையில் இருப்பினும், நினைவகம் போதாமையால் கணினியையே மாற்றும் நிலை நேரும்.

ஆகவே வாங்குவோர்முன் மூவகைக் கணினிகள் உள்ளன. முதல் வகையில் நினைவகம் முழுவதும் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்லாட் எனப்படும் செருகுவாய் இராது. இரண்டாம் வகையில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு, ஒரு செருகுவாய் தரப்பட்டிருக்கும். மூன்றாம் வகையில் இரண்டு செருகுவாய்கள் இருக்கும்.

முதல் வகையை வாங்குவோர் வருங்காலத் தேவையையும் இன்றே கணக்கிட்டு 16 ஜிகாபைட்டு வாங்குதல் வேண்டும். பிற இரு வகைகளை வாங்குவோர் இன்றைக்கு 8 ஜிகாபைட்டோடு நின்று, தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். மூன்றாம் வகையில் ஒரு நுட்பம் உண்டு. 8 ஜிகாபைட்டு ஒரே அட்டையாக இருந்தால் மற்றொரு செருகுவாய் வெறுமையாக இருக்கும். அதில் பின்னர் வேறோர் அட்டையைச் சேர்க்கலாம். நான்கும் நான்குமாக இரண்டு அட்டைகள் இருந்தால், கூட்டும்போது ஒன்றையேனும் கழற்றி எறிய நேரும். இரண்டு அட்டைகள் இணைந்து இயங்கும்போது விரைவு சிறிது கூடும் என்பது உண்மையே. எனினும் சிக்கனம் கருதுவோர்க்கு ஒரே அட்டையும் ஒரு வெற்றிடமும் உள்ள கணினியே ஏற்றது.

சேர்க்கும் அட்டையின் வகையும் பொருந்துதல் வேண்டும். டி.டி.ஆர்.-4 அட்டை டி.டி.ஆர்.-5 செருகுவாயில் புகாது. கணினி ஏற்கும் உச்ச அளவையும் அறிந்துகொண்டே வாங்குதல் வேண்டும்.

விலையும் காலமும்

மின்னணுப் பொருள்களின் விலை ஆண்டுதோறும் குறையும். ஆதலின் பின்னர் வாங்கினால் இலாபம் என்று பெரியோர் கருதுவதுண்டு. நீண்ட கால நோக்கில் அஃது உண்மையே. ஆயினும் இடையிடையே அலை எழுவதும் உண்டு. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப்பெரும் பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே ஆக்குகின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய தனிவகை நினைவகத்தின்பால் இவற்றின் ஆலைகள் திரும்பியமையால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பொதுமக்கள் வாங்கும் நினைவகத்தின் விலை விரைந்து உயர்ந்தது. மக்கள் கடைகளில் வாங்கி வந்த ‘குரூசியல்’ என்னும் பெயர் கொண்ட விற்பனையைக் கைவிடுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ தொலைநாட்டில் எழும் தரவு மையம், ஆவடியிலுள்ள ஒரு தந்தையின் மாதத் தவணையைக் கூட்டிவிடுகிறது.

இதனால் நாம் கொள்ளும் முடிவு யாது? விலை குறையும் என்னும் நம்பிக்கையில் இன்றைய தேவையைக் குறைத்தலும் தவறு. விலை ஏறிவிடும் என்னும் அச்சத்தில் என்றோ வரக்கூடிய தேவைக்கு இன்றே கடன்படுதலும் தவறு. இன்றைய படிப்பிற்கு வேண்டுவதை வாங்கி, நாளைய தேவைக்கு வழியைத் திறந்து வைத்தலே அறிவுடைமை.

புதிய கணினிக்குப் பொருள் போதாதவர், அலுவலகங்களில் பயன்பட்டு விற்பனைக்கு வரும் கணினிகளை நாடலாம். மின்தொடரில் சென்னை சென்ட்ரல் அடைந்து, ரிச்சி தெருவிற்குச் செல்வோர் இத்தகையவற்றைக் காணலாம். அவற்றுள் பல செருகுவாய்கள் உடையன என்பது ஒரு நன்மை. ஆயினும் ஒன்று கருத வேண்டும். விண்டோஸ் 10 இயக்கமுறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவுற்றது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதி பெறுபவை, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமான செயலிகளே. அதற்கு முற்பட்ட கணினியை வாங்குவோர் லினக்ஸ் வகை இயக்கமுறைமைக்கு ஆயத்தமாக இருத்தல் நலம். அவற்றுள் எளியவை குறைந்த நினைவகத்திலும் செவ்வனே இயங்கும்.

கொடையாளர் கருத்திற்கு

வறிய மாணவர்க்கு மடிக்கணினி வாங்கித் தர முன்வரும் சமுதாயப் பெரியோரும் பழைய மாணவரும் நம்மிடையே உள்ளனர். ‘எத்தகைய கணினி வாங்கலாம்?’ என்று அவர்கள் ஆசிரியர்களைக் கேட்பதுண்டு. அவர்கள்பொருட்டு ஒரு கணக்கினை முன்வைக்கிறோம். 8 ஜிகாபைட்டுக் கணினி 40,000 ரூபாய் என்றும், 16 ஜிகாபைட்டுக் கணினி 50,000 ரூபாய் என்றும் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். கையில் 4 இலட்சம் ரூபாய் இருப்பின், முன்னது பத்துப் பேருக்குக் கிடைக்கும்; பின்னது எட்டுப் பேருக்கே கிடைக்கும். பயன்படாது கிடக்கும் நினைவகத்திற்காக இரண்டு மாணவர் வெறுங்கையோடு திரும்புதல் முறையாகாது. எனவே பெரும்பாலோர்க்குச் செருகுவாய் உள்ள 8 ஜிகாபைட்டுக் கணினியும், கணினி அறிவியலும் காட்சித் தொடர்பியலும் பயில்வோர்க்கு மட்டும் 16 ஜிகாபைட்டும் எனப் பகுத்து வழங்குதல் பொருத்தம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. விலை குறைவு என்பதற்காக, கூட்ட இயலாத 4 ஜிகாபைட்டுக் கணினியை இருபது பேருக்கு வழங்கினால், எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். ஆனால் இணைய வகுப்பும் சொற்செயலியும் ஒருசேரத் திறக்க இயலாத அக்கருவி, ஓரிரு பருவங்களில் பெட்டிக்குள் சென்றுவிடும். அதனைப் பெற்ற மாணவி, ‘எனக்குக் கணினி வரவில்லை’ என்று தன்னையே குறைகூறிக்கொள்வாள். கருவியின் குறையைக் கற்பவரின் குறையாக்கும் கொடை, கொடையின் நோக்கத்தையே சிதைத்துவிடும்.

வாங்குமுன் கேட்க வேண்டுவன

கடைக்குச் செல்லும் மாணவரும் பெற்றோரும் கீழ்வரும் வினாக்களைக் கேட்டல் நலம்.

1. இக்கணினியில் ரேம் எவ்வளவு? சேமிப்பகம் எவ்வளவு? சேமிப்பகம் சுழலா வட்டா?

2. ரேம் பற்றவைக்கப்பட்டதா, செருகப்பட்டதா? செருகுவாய் எத்தனை? அவற்றுள் வெறுமையாக இருப்பது எத்தனை?

3. இக்கணினி ஏற்கும் உச்ச அளவு யாது? அட்டை டி.டி.ஆர்.-4 வகையா, 5 வகையா?

4. பின்னர் ரேம் கூட்டினால் உத்தரவாதம் தொடருமா? எங்கே கொடுத்துக் கூட்ட வேண்டும்?

5. கூறிய அளவுகள் யாவும் விலைச்சீட்டில் எழுதப்பட்டுள்ளனவா?

விடைகளை நேரிற் காணவும் வழி உண்டு. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைத் தேர்ந்தால், மொத்த அளவும் பயன்பாட்டில் உள்ள அளவும் தெரியும். செருகுவாய்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் காட்டப்படும். தற்போது கணினி வைத்திருப்போர், தம் வழக்கமான பணிகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு இப்பக்கத்தை நோக்குவாராக. பயன்பாடு எந்நேரமும் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டு நின்றால் நினைவகம் கூட்டப்பட வேண்டும். பாதியிலேயே நின்றால் புதிதாக வாங்க வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். நினைவகமும் சேமிப்பகமும் வெவ்வேறு. 4 ஜிகாபைட்டு இன்றைய மாணவர்க்குப் போதாது. கலைப் பிரிவினர்க்கும் வணிகவியலார்க்கும் செருகுவாய் உள்ள 8 ஜிகாபைட்டு போதும். செருகுவாய் இல்லாத கணினியை வாங்குவோரும், கணினி அறிவியல், காட்சித் தொடர்பியல், நுண்ணாய்வு ஆகியவற்றில் ஈடுபடுவோரும் 16 ஜிகாபைட்டு வாங்குதல் வேண்டும். அதற்கு மேற்பட்டது தொழில்முறைப் படத்தொகுப்பு போன்ற தனித் தேவை உடையோர்க்கே உரியது. வாங்கும் நாளில் பெரிய எண்ணைத் தேடுவதினும், திறந்த செருகுவாய் ஒன்றைத் தேடுதல் பயன் மிகுதியும் தரும்.

எஞ்சிய பணம் இருப்பின் அதனை நூல்களுக்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் ஒதுக்குக. மாணவச் செல்வங்கள் தம் பெற்றோரோடு அமர்ந்து மேற்கண்ட வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வார்களாக. அவ்வொரு தாள், பல மாதத் தவணைகளின் சுமையிலிருந்து அவர்தம் குடும்பத்தைக் காக்கும் என்பது நம் உறுதியான நம்பிக்கை.